திறன் தேர்வின் வாசலில்: போடியிலும் ஏலமலைச் சரிவிலும் விலக்கப்பட்ட பிள்ளைகளின் வரலாறு

போடிநாயக்கனூர் வட்டாரத்தில் படிப்பில் முந்தி நிற்கும் ஏழைப் பிள்ளைக்கு அரசின் தனிக்கவனம் கிடைத்ததெல்லாம் திறன் தேர்வுகளின் வழியாகத்தான். மீத்திறன் மாணவருக்கென்று பள்ளிக்குள்ளேயே தனி வகுப்பு நடத்தும் வழக்கம் தமிழ்நாட்டில் வேரூன்றவில்லை. ஒரு தேர்வு எழுதி உதவித்தொகை பெறுவது, அல்லது உண்டுறைவிடப் பள்ளியில் இடம் பிடிப்பது என்பதே இங்குள்ள முறை. 1963 முதல் இத்தகைய தேர்வுகள் பல வந்திருக்கின்றன. தேர்வை யார் எழுதலாம் என்பதை மொழி, ஊராட்சி எல்லை, மாநில எல்லை, பள்ளியின் நிர்வாகம், பெற்றோரின் வருமானம் ஆகியவற்றில் சிலவற்றைக் கொண்டு ஒவ்வொரு திட்டமும் வரையறுத்தது. விடைத்தாள் திருத்தப்படும் முன்பே இந்த வரையறைகள் பல பிள்ளைகளை வெளியே நிறுத்தின. அவர்களுக்காகப் பேசியவர்களின் கோரிக்கையும் பெரும்பாலும் இந்த வரையறைகளைப் பற்றியதே.

ஊரும் மலையும்

போடி ஜமீன் ஊர்; மேற்கே எழும் ஏலமலைக்குத் தமிழகப் பக்கத்து வாசல். மலையில் விளையும் ஏலக்காய் இங்கே இறங்கித் தரம் பிரிக்கப்பட்டு ஏலத்துக்குப் போகிறது. ஊரின் கல்வி நிறுவனங்களிலும் இந்த இரண்டு தடங்களும் உண்டு. ஜமீன்தாரிணி காமுலம்மாள் பெயரில் ஒரு மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. ஏலத்தோட்டக்காரர்களின் சங்கம் தொடங்கிய கல்லூரி ஏல விவசாயிகள் சங்கக் கல்லூரி என்றே அழைக்கப்படுகிறது. சுற்றுக் கிராமங்களில் ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளோடு அரசு கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும் நடக்கின்றன. குற்றப் பரம்பரைச் சட்டம் பிறமலைக் கள்ளர்மீது ஏவப்பட்ட பிறகு, 1920-இல் தொடங்கிய சீரமைப்புத் திட்டத்தில் பிறந்தவை அவை. மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இன்றும் தனி நிர்வாகத்தில் இயங்குகின்றன.

போடியிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. அதைத் தாண்டினால் கேரளத்தின் இடுக்கி மாவட்டம். 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது கன்னியாகுமரிப் பகுதியும் செங்கோட்டையும் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. தமிழர் பெருவாரியாக வாழ்ந்த தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. 1972-இல் இடுக்கி தனி மாவட்டமானது. தமிழகப் பக்கத்தில் மதுரை மாவட்டம் பிரிந்து 1996-இல் தேனி மாவட்டம் உருவானது. எல்லை ஆவணங்களில் உறுதியாக இருந்தாலும் பிழைப்பு அதைத் தாண்டியே நடந்தது. போடி, தேவாரம், கம்பம் பகுதிகளிலிருந்து விடியற்காலையில் ஜீப்புகளில் ஏறிப் பூப்பாறை, சாந்தன்பாறை, நெடுங்கண்டம் பக்கத்துத் தோட்டங்களுக்குப் போய் மாலையில் திரும்புவோர் உண்டு. காய் எடுப்புக் காலத்தில் குடும்பத்தோடு மலையேறித் தோட்டத்திலேயே தங்குவோரும் உண்டு. குடும்பம் இடம் பெயர்ந்தால் பிள்ளையின் பள்ளியும் மாறும். திறன் தேர்வு விதிகள் இந்த நடமாட்டத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை அல்ல.

தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளின் படிப்பைப் பற்றி 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் பேசியது. 6 முதல் 12 வயது வரையுள்ள தொழிலாளர் பிள்ளைகள் 25 பேருக்கு மேல் இருந்தால் கல்வி வசதி செய்து தருமாறு முதலாளிக்கு உத்தரவிட அச்சட்டத்தில் இடம் இருந்தது. ஆனால் தொடக்கத்தில் அச்சட்டம் பெயர் சொல்லிக் குறிப்பிட்டவை தேயிலை, காப்பி, ரப்பர், சின்கோனா ஆகிய பயிர்கள்தான். ஏலம் அந்தப் பட்டியலில் ஏறியது 1981-ஆம் ஆண்டுத் திருத்தத்தில். அதுவும் 5 ஹெக்டேரும் 15 தொழிலாளரும் கொண்ட தோட்டங்களுக்கே பொருந்தியது. சிறு தோட்டங்களில் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகளுக்கு அருகில் இருந்த அரசுப் பள்ளியே ஒரே வழி.

மொழி என்னும் முதல் தடை

நாடு தழுவிய முதல் திறன் தேர்வை 1963-இல் தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழு தொடங்கியது. அது அறிவியல் திறனுக்கான தேர்வு. முதலில் டெல்லியில் 10 பேருக்கு மட்டும் உதவித்தொகை தரப்பட்டது. மறு ஆண்டே நாடு முழுவதற்கும் விரிந்து 350 ஆனது. வினாவும் விடையும் ஆங்கிலத்தில். தமிழ்வழியில் படித்த போடிப் பையனோ பெண்ணோ அறிவியலில் எவ்வளவு வல்லவராக இருந்தாலும், பாடமாக மட்டும் படித்த ஒரு மொழியில் கட்டுரை எழுதித்தான் அதை நிறுவ முடியும். நகரத்து ஆங்கிலவழிப் பள்ளிகளுக்கு இயல்பாகவே முன்னுரிமை கிடைத்தது.

1976-இல் இந்தத் திட்டம் மாறியது. அறிவியலோடு சமூக அறிவியலும் சேர்ந்தது. பெயர் தேசியத் திறனாய்வுத் தேர்வு ஆனது. அரசியலமைப்பு ஏற்ற மொழிகளில் எழுத வழி பிறந்தது. உதவித்தொகைகள் 500 ஆயின. 1981-இல் பட்டியல் சாதி, பழங்குடி மாணவருக்கென 50 இடங்கள் கூடின. 1985-இல் முதல் கட்டத் தேர்வை நடத்தும் பொறுப்பு மாநிலங்களுக்கு வந்தது. 2000-க்குப் பிறகு ஆயிரம், 2019-இல் இரண்டாயிரம் என்று எண்ணிக்கை உயர்ந்தது. 2021-க்குப் பிறகு திட்டமே நிறுத்தி வைக்கப்பட்டது. மொழித் தடை நீங்கியபின் எஞ்சியது பயிற்சித் தடை. நகரப் பயிற்சி மையங்களில் தயாரானவர்களோடு கிராமத்துப் பிள்ளை ஒரே தரவரிசையில் நிற்க வேண்டியிருந்தது.

ஊரகத் திறன் தேர்வும் நகராட்சி எல்லையும்

கிராமத்துப் பிள்ளையை நகரத்துப் பிள்ளையோடு ஒரே வரிசையில் நிறுத்துவது நியாயமல்ல என்ற வாதத்துக்கு 1971-72-இலேயே ஒரு விடை கிடைத்தது. கிராமப்புறத் திறனாளர்களுக்கான தேசிய உதவித்தொகைத் திட்டம் அப்போது வந்தது. தமிழக அரசு அதே வழியில், 1991-இல் வந்த அரசாணையைக் கொண்டு, ஊரகப் பகுதி மாணவர்களுக்கான திறனாய்வுத் தேர்வை நடத்தி வருகிறது. ஆசிரியர்கள் வாயில் அது ‘டிரஸ்ட் தேர்வு’. ஒன்பதாம் வகுப்பு மாணவர் எழுதலாம். பெற்றோரின் ஆண்டு வருமானம் ஒரு லட்சத்தைத் தாண்டக் கூடாது. மாவட்டத்துக்கு 50 மாணவர், 50 மாணவியர் தேர்வாகிப் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 1,000 ரூபாய் பெறுகிறார்கள். தேர்வுக் கட்டணம் 10 ரூபாய். பாதி இடம் பெண் பிள்ளைகளுக்கு என்பது இதன் பெரிய நன்மை.

மாவட்டக் கணக்கு போடிக்கு 1996-க்குப் பிறகு உதவியது. அதுவரை மதுரை மாவட்டப் பட்டியலில் போட்டியிட்டவர்களுக்கு, தேனி பிரிந்ததும் அந்த மாவட்டத்துக்கே உரிய நூறு இடங்கள் கிடைத்தன. ஆனால் ‘ஊரகம்’ என்பதன் வரையறை வேறொரு வேலை செய்தது. கிராம ஊராட்சியிலும் பேரூராட்சியிலும் உள்ள பள்ளிகளே தேர்வுக்குத் தகுதியானவை. நகராட்சி, மாநகராட்சிப் பள்ளிகளுக்கு இடமில்லை. போடி ஒரு நகராட்சி. அதையொட்டிய மேலச்சொக்கநாதபுரமும் போ.மீனாட்சிபுரமும் பேரூராட்சிகள்; சிலமலையும் டொம்புச்சேரியும் கொட்டகுடியும் கிராம ஊராட்சிகள். ஆகவே ஏலக்காய் தரம் பிரிக்கும் இரண்டு தொழிலாளிகளின் பிள்ளைகளில் ஒருவர் மேலச்சொக்கநாதபுரத்தில் படித்தால் எழுதலாம். மற்றவர் நகராட்சி எல்லைக்குள் படித்தால் எழுத முடியாது. இரண்டு வீட்டு வருமானமும் ஒன்றாக இருப்பது இதில் கணக்காகாது. பிள்ளை எங்கே குடியிருக்கிறது என்பதைவிட எந்த எல்லைக்குள் படிக்கிறது என்பதே இங்கே முடிவு செய்கிறது. நகரத்து ஏழைகளைக் கிராமத்து ஏழைகளோடு சேர்க்கக் கூடாதா என்ற கேள்விக்கு இந்தத் திட்டத்துக்குள் விடை இல்லை.

மலைக்கு அப்பால் நவோதயா

1986-ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை மாவட்டத்துக்கு ஒரு நவோதயா வித்யாலயம் என்று திட்டமிட்டது. ஐந்தாம் வகுப்பில் நுழைவுத் தேர்வு. ஆறாம் வகுப்பு முதல் கட்டணமில்லா உண்டுறைவிடக் கல்வி. குறைந்தது 75 விழுக்காடு இடங்கள் கிராமப்புறத்துக்கு. மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு. கிராமத்தின் மீத்திறன் பிள்ளையைக் குறிவைத்து இந்திய அரசு வகுத்த திட்டங்களில் மிகப் பெரியது இது. நுழைவுத் தேர்வை வட்டார மொழியில் எழுதலாம். எட்டாம் வகுப்பு வரை பயிற்று மொழியும் வட்டார மொழியே. ஆனால் மும்மொழித் திட்டம் அதில் உண்டு. ஒன்பதாம் வகுப்பில் ஒரு பகுதி மாணவர் இந்தி பேசும் மாநிலப் பள்ளிக்கு மாற்றப்படுவதும் உண்டு.

1968 ஜனவரியில் அண்ணா தலைமையிலான அரசு இருமொழிக் கொள்கையைச் சட்டமன்றத் தீர்மானமாகவே நிறைவேற்றியிருந்தது. 1986-இல் நவோதயா வழியே இந்தி நுழைகிறது என்று தி.மு.க. போராடியது, அரசியலமைப்பின் அலுவல் மொழி பற்றிய 17-ஆம் பகுதியை எரித்த அக்கட்சியின் சட்டமன்ற உறுப்பினர்கள் பதவி இழந்தனர். எம்.ஜி.ஆர். அரசும் இந்தத் திட்டத்தை ஏற்கவில்லை. பின்னர் வந்த எந்த அரசும் அந்த முடிவை மாற்றவில்லை. புதுச்சேரியும் காரைக்காலும் ஏற்றன. கேரளத்தின் எல்லா மாவட்டங்களிலும் பள்ளி வந்தது. இடுக்கி மாவட்டத்துக்கான நவோதயா குளமாவில் இருக்கிறது.

இதனால் ஏலமலையின் இரு சரிவுகளில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளின் நிலை வேறுவேறானது. பூப்பாறையில் தோட்டத்தில் தங்கி அங்கேயே ஐந்தாம் வகுப்பு படிக்கும் பிள்ளை குளமாவு பள்ளிக்கான தேர்வை எழுதலாம். அதே தோட்டத்தில் வேலை செய்து மாலையில் போடிக்குத் திரும்பும் தொழிலாளியின் பிள்ளை எழுத முடியாது. பள்ளி எந்த மாவட்டத்தில் இருக்கிறதோ அந்த மாவட்டத்தில் குடியிருந்து அங்கேயே ஐந்தாம் வகுப்பு படிப்பவருக்குத்தான் தகுதி. கிராமப்புற ஒதுக்கீடு வேண்டுமானால் மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புகளைத் தொடர்ந்து கிராமப் பள்ளியில் முடித்திருக்க வேண்டும். ஒருவர் வாழ்நாளில் ஒருமுறைதான் ஆறாம் வகுப்புத் தேர்வை எழுத முடியும். இடம் பெயரும் குடும்பங்களுக்கு இந்த விதிகள் இரண்டு பக்கத்திலும் இடைஞ்சலாயின.

நவோதயா மறுப்பு நீதிமன்றத்துக்கும் போனது. கன்னியாகுமரியைச் சேர்ந்த குமரி மகா சபா தொடுத்த பொதுநல வழக்கில், தமிழகத்தில் நவோதயா தொடங்கத் தடையில்லாச் சான்று வழங்குமாறு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2017 செப்டம்பரில் உத்தரவிட்டது. தமிழக அரசு மேல்முறையீடு செய்ய, அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. எட்டு ஆண்டுகள் கழித்து, 2025 டிசம்பரில், மாவட்டந்தோறும் பள்ளிக்கு எவ்வளவு நிலம் தேவை என்பதைக் கண்டறியவும் மத்திய அரசோடு பேசவும் அதே நீதிமன்றம் மாநிலத்துக்குச் சொன்னது. ஏழைப் பிள்ளைக்கு ஒரு வாய்ப்பை ஏன் மறுக்க வேண்டும் என்பது மனுதாரர் தரப்பு. ஒரு மாவட்டத்துக்குச் சில நூறு பேரைத் தேர்ந்தெடுத்து வளர்ப்பதைவிட எல்லாப் பள்ளிகளையும் உயர்த்துவதே மாநிலத்தின் கல்விக் கொள்கை, மொழிக் கொள்கையில் சமரசம் இல்லை என்பது எதிர்த் தரப்பு.

பள்ளியின் வகை

2008-இல் வந்த தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்பு உதவித்தொகைத் திட்டம் கிராமம், நகரம் என்ற பிரிவை விட்டுவிட்டது. அரசு, உள்ளாட்சி, அரசு உதவி பெறும் பள்ளிகளின் எட்டாம் வகுப்பு மாணவர் எழுதலாம். போடி நகராட்சிக்குள் படிப்பவருக்கும், உதவி பெறும் பள்ளியில் படிப்பவருக்கும் இதில் இடம் கிடைத்தது. நாடு முழுவதும் ஆண்டுக்கு ஒரு லட்சம் உதவித்தொகைகள். தமிழ்நாட்டின் பங்கு 6,695. தொடக்கத்தில் 6,000 ரூபாயாக இருந்த ஆண்டுத் தொகை 2017 முதல் 12,000 ஆனது. வருமான வரம்பு ஒன்றரை லட்சத்திலிருந்து மூன்றரை லட்சமாக உயர்ந்தது. மனத்திறன் 90 வினா, படிப்புத்திறன் 90 வினா என்ற அமைப்பு ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பழக்கமாகி, மாலையிலும் சனிக்கிழமையிலும் பயிற்சி தரும் பழக்கம் பரவியது. ஏலமலைச் சரிவுப் பிள்ளைகளுக்கு எளிதில் எட்டக்கூடியதாக இருப்பது இந்தத் தேர்வுதான். ஆனால் தனியார் பள்ளியில் படிக்கும் ஏழைப் பிள்ளை இதற்கு வெளியே நிற்கிறது.

அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி என்ற பிரிவு 2020-இல் கூர்மையடைந்தது. நீட் வந்தபின் அரசுப் பள்ளி மாணவர் மருத்துவக் கல்லூரிகளில் அரிதாகிவிட்ட நிலையில், நீதிபதி கலையரசன் ஆணையத்தின் பரிந்துரைப்படி 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டுச் சட்டம் நிறைவேறியது. அதே ஆண்டு நீட் தேர்வில் தேனி மாவட்டம் சில்வார்பட்டி அரசுப் பள்ளியில் படித்த மாணவர் 720-க்கு 664 மதிப்பெண் பெற்று நாடு முழுவதும் பேசப்பட்டார். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது சட்டத்தின் அடிப்படை விதி. அரசு கள்ளர் பள்ளியும் நகராட்சிப் பள்ளியும் அதில் அடங்கும். உதவி பெறும் பள்ளி அடங்காது. போடியின் பழைய பள்ளிகளில் பல உதவி பெறும் பள்ளிகள் என்பதால், அங்கே படிக்கும் தொழிலாளர் பிள்ளைகளுக்கு இந்த வழி அடைபட்டது. உதவி பெறும் பள்ளிகளையும் சேர்க்கக் கோரிய மனுக்களை 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. சட்டம் செல்லும் என்றது. ஏழாம் வகுப்பை மட்டும் மலைமேல் கேரளப் பள்ளியில் படித்துவிட்டு இறங்கி வந்த பிள்ளைக்கும் இந்தத் தொடர்ச்சி விதி இடையூறு.

2021-க்குப் பின் தமிழக அரசே உண்டுறைவிட மாதிரிப் பள்ளிகளைத் தொடங்கி எல்லா மாவட்டங்களுக்கும் விரித்தது. 2023-இல் வந்த முதலமைச்சரின் திறனாய்வுத் தேர்வு அரசுப் பள்ளி மாணவர் ஆயிரம் பேருக்கு இளநிலைப் பட்டம் வரை ஆண்டுக்கு 10,000 ரூபாய் தருகிறது. நவோதயா மறுப்பால் ஏற்பட்ட இடைவெளியை ஓரளவு நிரப்பும் இந்த முயற்சிகளும் அரசுப் பள்ளி என்ற எல்லைக்குள்ளேயே நிற்கின்றன.

மேற்குச் சரிவில் கேரள அரசின் முறை வேறு. நான்காம் வகுப்பிலும் ஏழாம் வகுப்பிலும் உதவித்தொகைத் தேர்வுகள் நடக்கின்றன. தமிழ்வழி மாணவருக்குத் தமிழில் வினாத்தாள் உண்டு. ஏழாம் வகுப்புத் தேர்வில் முன்னிலை பெறுவோருக்குக் கல்வி மாவட்ட அளவில் மீத்திறன் பயிற்சித் திட்டமும் இருக்கிறது. குடும்பம் ஆண்டின் நடுவில் மலையிறங்கினால் அந்தத் தொடர்ச்சி அறுந்துபோகும்.

பழங்குடிப் பிள்ளைகள்

குரங்கணிக்கு மேலுள்ள முதுவாக்குடி போன்ற முதுவர் ஊர்களும், போடிக்கு அருகே சிறைக்காடு போன்ற பளியர் குடியிருப்புகளும் இந்த வரலாற்றின் ஓரத்தில் நிற்கின்றன. இரு சமூகங்களும் தமிழகப் பழங்குடிப் பட்டியலில் உள்ளவை. தேசிய வருவாய் வழித் தேர்வில் பொதுவான தேர்ச்சி 40 விழுக்காடு. பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளுக்கு 32. இந்தச் சலுகைக்குச் சாதிச் சான்று வேண்டும். மற்றச் சாதிச் சான்றுகளைத் தாசில்தாரோ அவருக்குக் கீழுள்ளவரோ தர, பழங்குடிச் சான்றைக் கோட்டாட்சியர்தான் தர முடியும், விசாரணையும் நீளும். விண்ணப்பத்தின் கடைசி நாளுக்குள் சான்று வராவிட்டால், இந்தச் சலுகை அந்தப் பிள்ளைக்குப் பயன்படாமல் போகும்.

யார் கண்டறிவது

இந்தத் தேர்வுகள் பெரும்பாலானவற்றுக்கு மாணவர் தாமாக விண்ணப்பிக்க முடியாது. தலைமையாசிரியர்தான் விவரங்களைச் சரிபார்த்து, கட்டணத்தோடு அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு இணையவழியில் அனுப்ப வேண்டும். ஆகவே ஒரு பிள்ளையைத் தேர்வுக்கு அனுப்பலாம் என்று ஆசிரியர் நினைப்பதே முதல் தேர்வாகிறது. பேசாத பிள்ளை, அடிக்கடி விடுப்பெடுக்கும் பிள்ளை, அண்மையில் மலையிலிருந்து வந்து சேர்ந்த பிள்ளை ஆகியோர் இந்த இடத்தில் எளிதாகத் தவறிவிடுகிறார்கள்.

இத்தகைய தவறு அமெரிக்காவிலும் பதிவாகியிருக்கிறது. 1921-இல் அமெரிக்க உளவியலாளர் லூயிஸ் டெர்மன் கலிபோர்னியாவில் மீத்திறன் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தபோது ஆசிரியர் பரிந்துரையையும் நுண்ணறிவுத் தேர்வையும் நம்பினார். தேர்வெழுதி வெளியே நிறுத்தப்பட்டவர்களில் வில்லியம் ஷாக்லியும் லூயிஸ் ஆல்வரஸும் பின்னாளில் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றனர். புளோரிடாவின் பிரவார்ட் கல்வி மாவட்டம் 2005-இல் பரிந்துரைக்குக் காத்திராமல் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அனைவரையும் சோதித்தது. அதன்பின் ஏழை, கறுப்பின, லத்தீன் அமெரிக்கக் குடும்பப் பிள்ளைகள் மீத்திறன் வகுப்புகளில் முன்பைவிட அதிகம் இடம் பெற்றதைப் பொருளியலாளர்கள் டேவிட் கார்டும் லாரா ஜூலியானோவும் 2016-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. பெற்றோர் கேட்டால்தான் வாய்ப்பு என்ற முறையில் கேட்கத் தெரிந்த பெற்றோரின் பிள்ளைகளே முன்னே வருகிறார்கள் என்பதற்கு இது சான்று.

தமிழகத்தில் கேட்பதற்கு உரிய வழிகள் சில உண்டு. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மாறும் பிள்ளைக்கு மாற்றுச் சான்றைத் தலைமையாசிரியர் உடனே தர வேண்டும். சான்று வரத் தாமதமானாலும் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்க முடியாது. வருமானச் சான்றை இ-சேவை மையம் வழியே பெறலாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோரே பெரும்பான்மை என்பதால், தகுதியுள்ள எட்டாம், ஒன்பதாம் வகுப்பு மாணவர் அனைவரின் பெயரையும் அனுப்பும்படி அங்கே கேட்க முடியும். தகுதி விதியே பிள்ளையை விலக்கும்போது பள்ளி அளவில் தீர்வு இல்லை; துறைக்கு மனு, சட்டமன்றம், நீதிமன்றம் ஆகியவையே எஞ்சும்.

இந்த வழிகளில் கிடைத்த பலன் சீரானதல்ல. மொழித் தடை 1976-இல் நீங்கியது. கிராமப்புறத்துக்குத் தனி இடம் 1971-க்குப் பின் கிடைத்தது. நகரத்து ஏழைக்கும் உதவி பெறும் பள்ளிக்கும் 2008-இல் ஒரு கதவு திறந்தது. உதவி பெறும் பள்ளியின் மருத்துவ இட ஒதுக்கீட்டுக் கோரிக்கை தோற்றது. நவோதயா வழக்கு உச்ச நீதிமன்றத்தை எட்டியது. இரண்டு மாநிலங்களுக்கிடையே நடமாடும் ஏலத்தோட்டத் தொழிலாளியின் பிள்ளைக்கென்று இந்தத் தேர்வுகள் எதிலும் தனி விதி எழுதப்படவில்லை.